ஹோர்ட்டன் சமவெளியை ஒரு காலையில் ஒழுங்காகப் பார்ப்பது எப்படி

இலங்கையின் மத்திய மலைநாட்டில் உள்ள ஹோர்ட்டன் சமவெளியில், உலக முடிவு என்ற பாறை விளிம்புக்குக் காலை பத்து மணிக்குப் போய் நிற்கிறவர்களுக்குப் பெரும்பாலும் வெள்ளை மேகம்தான் கிடைக்கும். எட்டு மணிக்கு நின்றவர்கள் அதே இடத்திலிருந்து உடவளவை நீர்த்தேக்கம் வரை பார்த்துவிட்டு, பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் நடக்கத் தொடங்கியிருப்பார்கள். ஆகவே முதல் வேலை நேரத்தைச் சரிசெய்வது.

இரண்டாவது வேலை அதைவிடக் கடினம். விளிம்பைப் பிடிக்கும் அவசரத்தில் சமவெளியைத் தவறவிடக் கூடாது. மரை என்ற பெரிய மானும் கொம்புப் பல்லியும் சீழ்க்கைப் பறவையும் விளிம்பில் நமக்காகக் காத்திருப்பதில்லை. புல்வெளியும் காடும் சேரும் ஓரத்தில், ஓடைக்கரையில், பாசி பிடித்த அடிமரத்தில்தான் அவை இருக்கின்றன. இதற்கு ஒரு எளிய வழி உண்டு. போகும்போது தூரத்தைப் பாருங்கள், திரும்பும்போது பக்கத்தைப் பாருங்கள். விடியலில் புல்வெளியில் மேயும் மரையை நடந்துகொண்டே பார்க்கலாம். பல்லிக்கும் பறவைக்கும் நின்று நிதானிக்க வேண்டும், அதற்கு வெயில் ஏறிய பிறகுதான் நேரம் வரும்.

எந்த மாதம், எந்த மணி

ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்கள்தான் நல்லவை. வானம் தெளிந்திருக்கும், பாதையும் காய்ந்திருக்கும். குளிரும் அப்போதுதான் கடுமை. மேகமில்லாத இரவில் புல்வெளியில் உறைபனி விழும். விடியற்காலையில் புல்நுனி எல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும், வெயில் பட்டதும் கரைந்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். மழைக்கு ஆயத்தமாகப் போகலாம், காற்றுக்குத்தான் மாற்று வழியில்லை. மரங்களற்ற மேட்டில் நிமிர்ந்து நடக்க முடியாத நாட்களும் வரும். ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலக் கூட்டம் முழுவதும் இங்கேயும் ஏறும். அந்த மாதத்தில் போவதென்றால் வார நாள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

மேகம் வரும் விதத்தை விளங்கிக்கொண்டால் நேரக் கணக்கு தானாகப் பிடிபடும். உலக முடிவில் மலை சுமார் 870 மீற்றர் செங்குத்தாக விழுகிறது. கீழே பலாங்கொடைப் பக்கத்துத் தாழ்நிலம் காலை வெயிலில் சூடாகும்போது, ஈரக்காற்று அந்தச் சுவரோடு ஒட்டி மேலேறும். ஏற ஏறக் குளிர்ந்து, விளிம்புக்கு வரும்போது மேகமாகிவிடும். எட்டரைக்குப் பிறகு கீழே பஞ்சுப் பொதிகள் முளைக்கும். ஒன்பதரை, பத்துக்குள் அவை மேலே வந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

கணக்கு இதுதான். வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும். டிக்கெட், வாகனப் பதிவு, நடைபாதை தொடங்கும் ஃபார் இன் கட்டிடம் வரை வண்டிப் பயணம், அங்கே பைச்சோதனை எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் போய்விடும். 6.45க்கு நடக்கத் தொடங்கினால் எட்டு, எட்டேகாலுக்கு உலக முடிவில் நிற்கலாம். வாசலுக்கு ஏழு மணிக்கு வந்தால் இந்தக் கணக்கு முழுவதும் உடைந்துவிடும்.

நுவரெலியாவிலிருந்து அம்பேவளை, பட்டிப்பொல வழியாக ஏறத்தாழ 32 கிலோமீற்றர். வளைவும் பனிமூட்டமும் உள்ள பாதை, ஒன்றேகால் மணி நேரம் வையுங்கள். நாலரைக்குக் கிளம்ப வேண்டும் என்று வேன்கார அண்ணனிடம் முதல்நாளே உறுதியாகச் சொல்லிவையுங்கள். "அஞ்சரைக்குப் போனா சரி" என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கமிருந்து வருகிறவர்கள் முதல்நாள் இரவே நுவரெலியாவிலோ பட்டிப்பொலயிலோ தங்குவது நல்லது.

ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்தவர்களுக்கு ஓஹிய வாசல் கிட்ட. ரயிலில் வந்தால் ஓஹிய நிலையத்தில் இறங்கி, ஃபார் இன்னுக்கு ஏறத்தாழ 11 கிலோமீற்றர் ஏற்றம். நடந்தால் மூன்று மணி நேரம் பிடிக்கும், அதற்குள் மேகம் வந்துவிடும். இரவு ஓஹியவில் தங்கி, விடியுமுன் ஓட்டோ பிடிப்பதுதான் வழி. மண்சரிவால் மலையகப் பாதை அடைபடும் காலங்களும் உண்டு, ரயில் ஓடுகிறதா என்று நிலையத்தில் கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள்.

ஃபார் இன்னில் இறங்கியதும் மூட்டமாக இருந்தால் உடனே மனம் தளர வேண்டாம். மூட்டத்தில் இரண்டு வகை. பள்ளத்தில் படுத்தபடி அசையாமல் கிடக்க, தலைக்கு மேலே நீல வானமோ நட்சத்திரமோ தெரிந்தால், அது இரவுக் குளிரில் தரையில் கட்டிய பனி. வெயில் பட அரை மணி நேரத்தில் கலைந்துவிடும், விளிம்பு தெளிவாகவே இருக்கும். தலைக்கு மேலும் சாம்பல் நிறமாக, காற்றோடு ஓடிக்கொண்டு முகத்தில் ஈரம் தெளித்தால் அது மேகம். அன்று விளிம்புக்கு ஓடிப் பயனில்லை. நடையைத் திருப்பி வைத்து, பேக்கர் நீர்வீழ்ச்சியையும் காட்டையும் முதலில் பாருங்கள். மேக நாளில் காடு இன்னும் அழகு.

பையில் என்ன, எதில் சுற்றி

வாசலில் அதிகம் பேர் தடுமாறுவது சாப்பாட்டால்தான். ஃபார் இன்னில் பையைத் திறந்து பார்ப்பார்கள், பொலித்தீன் உள்ளே போக முடியாது. லன்ச் சீட்டில் கட்டிய சோற்றுப் பார்சல், பிஸ்கட் உறை, ஷொப்பிங் பை எல்லாம் அங்கேயே கழன்றுவிடும், பின்னால் வரிசை நீளும். ரொட்டியையும் கட்டச் சம்பலையும் வாழையிலையில் சுற்றி மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துவிட்டால் அரை நிமிடத்தில் கடந்துபோகலாம். வாழைப்பழம், கித்துள் கருப்பட்டித் துண்டு, அவித்த கடலை போதும். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லீற்றர், திரும்பப் பாவிக்கும் போத்தலில். உள்ளே நடைபாதையில் கடை இல்லை, ஃபார் இன்னை விட்டால் கழிப்பறையும் இல்லை.

இந்தக் கட்டுப்பாடு வெறும் சம்பிரதாயம் அல்ல. மரைக்கு உப்புச் சுவை பிடிக்கும். மிக்ஸர் உறையையோ சோறு ஒட்டிய சீட்டையோ அப்படியே விழுங்கும். அது செரிக்காது, வெளியேறாது, வயிற்றில் பந்தாகத் திரண்டு நிற்கும். வயிறு நிறைந்த உணர்வோடு அந்தப் பிராணி பட்டினியில் மெலிந்து சாகும்.

உடுப்பு அடுக்கடுக்காக இருக்க வேண்டும். விடியலில் 5 பாகை செல்சியஸுக்குக் கிட்டப் போகும், பத்து மணிக்கு வெயிலில் வியர்க்கும். உள்ளே மெல்லிய சட்டை, அதற்கு மேல் கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத ரெயின்கோட். காதை மூடும் தொப்பி கட்டாயம். குடை இங்கே உதவாது, முதல் காற்றிலேயே மடங்கிவிடும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் இரண்டு மடங்கு பாரம், மாலை வரை காயாது. உடம்பு நனைந்த நிலையில் காற்று அடித்தால் 10 பாகையிலும் நடுக்கம் பிடிக்கும். பற்கள் தந்தியடித்து, பேச்சுக் குழறினால் உடனே ஈர உடுப்பை மாற்றி, இனிப்பான ஏதாவது கொடுத்துத் திருப்பி அழைத்து வாருங்கள்.

சப்பாத்துக்கு அடியில் பல்லுப் பல்லாகப் பிடிமானம் இருக்க வேண்டும். பாதையில் தேய்ந்த வெண்கற்கள் பனியில் சோப்புப்போல் வழுக்கும். செருப்போடு வருகிறவர்கள் அதிகம் விழுவது பேக்கர் நீர்வீழ்ச்சி இறக்கத்தில்தான். வெயில் எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். குளிரில் தெரியாது, ஆனால் 2,100 மீற்றர் உயரத்தில் மூக்கும் கழுத்தும் ஒரே காலையில் கறுத்து உரியும். ஆஸ்துமா உள்ளவர்கள் பம்பை ஸ்வெட்டருக்குள், உடம்புச் சூட்டில் வையுங்கள்.

நிலத்தை வாசிக்கப் பழகுதல்

சமவெளி 2,100 முதல் 2,300 மீற்றர் உயரத்தில், ஏறத்தாழ 3,160 ஹெக்டெயரில் விரிந்திருக்கிறது. சுற்றி உள்ள சிகரங்களில் கிரிகல்பொத்த 2,389 மீற்றர், தொட்டபொல 2,357 மீற்றர். நாட்டின் இரண்டாவது, மூன்றாவது உயரமான மலைகள் இவை. சிங்களத்தில் இந்த இடத்துக்கு மகா எலிய என்று பெயர். ஹோர்ட்டன் என்பது 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்தவரின் பெயர்.

பேக்கர் நீர்வீழ்ச்சியின் கரும்பாறையைப் பார்த்து எரிமலைக் குழம்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. எரிமலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பூமியின் ஆழத்தில் அழுத்தத்திலும் சூட்டிலும் உருமாறி, பின்னர் மேலே வந்த மிகப் பழைய பாறைகள் இவை. சார்னோக்கைற்று, கொண்டலைற்று, குவார்ட்சைற்று என்பன முக்கியமானவை. பாதையில் குனிந்து ஒரு கல்லை உற்றுப் பாருங்கள். வெள்ளைக் குவார்ட்ஸ் மணிகளுக்கிடையே மிளகாய் விதை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது கார்னெற் என்ற கனிமம். பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள்.

மண்ணின் மேல்தோல் கறுப்பு, கைக்குப் பஞ்சு போன்றது. குளிரில் புல்லும் இலையும் மெதுவாக மக்குவதால் இப்படி ஆகிறது. இந்தப் பஞ்சுதான் மழையையும் மூட்டத்தையும் குடித்துவைத்து மெதுவாகக் கசியவிடுகிறது. இங்கே ஊறும் நீர் மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் போகிறது. காலடியில் ஓடும் பெலிஹுல் ஓயா வளவையில் சேரும், அக்ரா ஓயா கொத்மலை வழியாக மகாவலியில் கலக்கும். தோட்டத்து லயத்துப் பீலியில் வரும் தண்ணீரும் இதுபோன்ற மேட்டுக்காடுகளின் கொடைதான். 5,000 அடிக்கு மேல் உள்ள மலைக்காட்டை வெட்டாமல் விடும்படி 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் காலனி அரசுக்குச் சொன்ன ஆலோசனை ஏற்கப்பட்டதால்தான், தேயிலை இந்த மேடுவரை ஏறவில்லை. 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

பள்ளத்தில் புல், சரிவில் காடு என்ற ஒழுங்கு நடக்க நடக்கக் கண்ணில் படும். இந்த ஈரப் புல்வெளியைப் பத்தனை என்பார்கள். இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். உறைபனி அங்கேதான் அதிகம், மரக்கன்றுகள் அதில் கருகும். நீர் தேங்குவதும், பழைய காலத் தீயும், மேய்ச்சலும் புல்லுக்கே துணை நின்றன. புல்லின் நடுவே தனியாகக் கோணிக்கொண்டு நிற்கும் தடித்த பட்டை மரம் ரோடோடென்ட்ரன். தீயைத் தாங்கும் பட்டை, கொத்துக் கொத்தாகச் செந்நிறப் பூ. அடிவாரத் தோட்டங்களில் இந்த மரத்தைக் காண முடியாது.

காட்டுக்குள் மரங்கள் குள்ளம், தலை குடைபோல் தட்டை, இலை சிறிது, தோல்போல் தடிப்பு. கீன மரமும் நாவல் இனங்களும் அதிகம். கொழுந்து சிவப்பாக வரும் மரங்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் பூத்ததுபோல் இருக்கும். கிளையில் தொங்கும் நரைத்தாடிப் பாசியைத் தொட்டுப் பார்த்தால், மழை பெய்யாத நாளிலும் விரல் நனையும், மூட்டத்தை அது வடிகட்டி வைத்திருக்கிறது. நிழலில் முழங்கை உயரச் செடிகள் அடர்ந்திருந்தால் அவை பெரும்பாலும் நெலு. நம் குறிஞ்சித் திணைக்குப் பெயர் தந்த பூவின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பல இனங்கள் ஏறத்தாழ 12 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்து, காய்த்து, மடியும். காய்க்கும் பருவத்தில் விதை பொறுக்கக் காட்டுக்கோழிகள் கூட்டமாக வரும்.

புல்வெளியில் மஞ்சள் பூவோடு முட்புதர் கண்டால் ரசிக்க வேண்டாம். அது கோர்ஸ், வெள்ளைக்காரர் கொண்டுவந்த ஐரோப்பியச் செடி. புல்லை நெரித்துப் பரவுகிறது, விதை மண்ணில் பல வருடம் உறங்கும். வேரோடு பிடுங்குவதற்கே தனி ஆட்கள் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

நடை

சுற்றுப்பாதை ஏறத்தாழ ஒன்பதரை கிலோமீற்றர், மூன்று முதல் நான்கு மணி நேரம். ஃபார் இன்னிலிருந்து சிறிது தூரத்தில் பாதை பிரியும். தெளிந்த நாளில், பெரிய விளிம்புக்கு முன்னால் வரும் சிறிய உலக முடிவுப் பக்கம் திரும்புங்கள், பேக்கர் நீர்வீழ்ச்சி வழியாகத் திரும்பி வாருங்கள். பெரிய உலக முடிவு தொடக்கத்திலிருந்து 4 கிலோமீற்றர் அளவு, அங்கிருந்து நீர்வீழ்ச்சி 2 கிலோமீற்றர், பிறகு ஃபார் இன் மூன்றரைக் கிலோமீற்றர்.

முதல் புல்வெளியில் வேகமாக நடக்கலாம், கண்ணை மட்டும் காட்டோரத்தில் ஓட்டுங்கள். காட்டுக்குள் நுழைந்ததும் வேர் மிதிக்காமல் நடங்கள், பனியில் வேர்தான் கல்லைவிட வழுக்கும். சிறிய உலக முடிவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம், பெரியதுக்கான நேரம் அங்கேதான் வீணாகிறது.

உலக முடிவில் நின்று நேர் கீழே பார்த்தால் நன்பெரியல் தோட்டத்துத் தேயிலையும் தீப்பெட்டி அளவில் கூரைகளும் தெரியும். நல்ல காலையில் தெற்கே நீர்த்தேக்கங்கள் கண்ணாடிச் சில்லுபோல் மின்னும். விளிம்பில் புல் தரைபோல் தெரிவது சில இடங்களில் வெறும் வேர்ப்பாய், அடியில் பாறை இருக்காது. தடுப்புக்கு அப்பால் காலெடுத்து வைக்க வேண்டாம். படமெடுக்கும்போது பின்னால் நகர வேண்டாம். காற்று தள்ளும் நாளில் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். மேகம் மூடிவிட்டால் இருபது நிமிடம் பொறுத்துப் பாருங்கள், காற்று திரும்பும்போது இரண்டொரு நிமிடம் திறந்து மூடும்.

பேக்கர் நீர்வீழ்ச்சி ஏறத்தாழ 20 மீற்றர். இந்த மேட்டில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் பெயர் அது. யானைகள் இங்கே இன்று இல்லை. குளிக்க அனுமதியில்லை, பாறை பாசி பிடித்தது, குளத்தின் ஆழம் மேலிருந்து தெரியாது. இறங்கும் படி ஈரமாக இருந்தால் பக்கவாட்டாக, ஒரு கையில் எதையாவது பிடித்து இறங்குங்கள்.

சேற்றை எப்படிக் கடப்பது என்பதில்தான் பூங்காவின் கதி இருக்கிறது. வழியில் சேறு வந்தால் எல்லாருக்கும் பக்கத்துப் புல்லில் ஏறி நடக்கத் தோன்றும். அடுத்தவர் அதற்கும் பக்கத்தில் ஏறுவார். ஒரு அடிப் பாதை இரண்டு வருடத்தில் பத்து அடியாகும். மிதிபட்ட பஞ்சு மண் இறுகி, தண்ணீரைக் குடிக்காமல் வழிந்தோட விடும். குளிரில் புல் மெதுவாகத்தான் வளரும், வடு ஆறப் பல வருடம் ஆகும். ஆகவே சேற்றின் நடுவே நடங்கள். சப்பாத்தைக் கழுவ ஐந்து நிமிடம் போதும்.

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு முழுச் சுற்று வேண்டாம், சிறிய உலக முடிவு வரை போய் அதே வழியில் திரும்புங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு ஃபார் இன்னைச் சுற்றிய புல்வெளியும் வீதியோர அரெங்கா குளமும் போதும், மரையை அவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். வலுவுள்ளவர்கள் இன்னொரு நாளில் பட்டிப்பொல வாசலருகே தொடங்கும் தொட்டபொல ஏற்றத்தைப் பார்க்கலாம், ஒரு வழி 2 கிலோமீற்றர் அளவு. கிரிகல்பொத்த நீண்ட பாதை, மூட்டத்தில் தடம் மறையும். வழிகாட்டியோடு மட்டும் போங்கள்.

பிராணிகளை எங்கே, எப்படித் தேடுவது

மரையைப் பார்ப்பது எளிது. விடியலிலும் அந்தியிலும் காட்டோரத்திலிருந்து புல்லுக்கு இறங்கும், வெயில் ஏற உள்ளே போய்விடும். நிறம் நனைந்த மரக்கட்டை மாதிரி, அசையும் காதைத்தான் கண் முதலில் பிடிக்கும். ஃபார் இன் பக்கத்தில் சில மரைகள் ஆட்களுக்குப் பழகியவை. சாதுவாகத் தெரிந்தாலும் கொம்புள்ள கிடாவுக்கு முன்னால் நின்று படமெடுக்க வேண்டாம். முப்பது மீற்றர் தள்ளி நில்லுங்கள், எதையும் தின்னக் கொடுக்காதீர்கள்.

மரையின் எச்சரிக்கைக் குரலைக் காதில் பதித்துக்கொள்ளுங்கள். தகர டின்னில் ஓங்கி அடித்ததுபோல் ஒற்றை ஒலி, சிறிது இடைவெளி, மறுபடி அதே ஒலி. வால் நிமிர்ந்திருக்கும், முன்னங்காலால் தரையைத் தட்டும், முழு மந்தையும் ஒரே திசையைப் பார்க்கும். நீங்களும் அந்தத் திசையைப் பாருங்கள். சிறுத்தை அங்கே இருக்கக்கூடும். பகலில் அதைக் காண்பது அபூர்வம், தடம்தான் அதிகம் கிடைக்கும். ஈர மண்ணில் வட்டமான தடம், நகக்குறி இல்லாவிட்டால் சிறுத்தை. நகம் பதிந்திருந்தால் நாய். பாதை நடுவே மயிர் நிறைந்த காய்ந்த எச்சம் இன்னொரு அடையாளம். நேரில் எதிர்ப்பட்டால் ஓட வேண்டாம். முகம் அதன் பக்கமாக, பிள்ளைகளை நடுவே விட்டு, மெல்லப் பின்வாங்குங்கள். அது பெரும்பாலும் தானே விலகிப்போகும். சிறுத்தையைக் காண நல்ல வாய்ப்பு நடைபாதையைவிட, வாசலிலிருந்து ஃபார் இன் வரும் வீதியில் முதல் வண்டியாகப் போகும்போதுதான். அதற்காகவும் மரைக்காகவும் மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

காலையில் மரத்தலைப்பிலிருந்து கரகரவென்று உறுமல் தொடர்ந்து கேட்டால் அது கருமந்தி. மலையகத்துக் கருமந்திக்குக் குளிருக்கேற்ற நீண்ட மயிர், கரடிக்குரங்கு என்றே சிலர் சொல்வார்கள். ஆட்களைக் கண்டு ஒதுங்கும். பையைப் பறிப்பது வேறு குரங்கு, தலையில் வட்டச் சுழி மயிருள்ளது. அதற்கு முன்னால் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காதீர்கள். தேவாங்கை நீங்கள் பார்க்கப் போவதில்லை, அது இரவுப் பிராணி. இங்குள்ள மலைத் தேவாங்கு அழிந்துவிட்டதாகவே பல பத்தாண்டுகள் எண்ணப்பட்டது. 2010இல்தான் அதன் புகைப்படம் முதன்முதலாக வெளியானது.

திரும்பும் நடை கொம்புப் பல்லிக்கு உரியது. காட்டுப் பகுதியில், ஒன்பதரைக்குப் பிறகு, இடுப்பிலிருந்து தலை உயரம் வரை பாசி பிடித்த அடிமரங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நேர் முன்னால் நின்று பார்த்தால் தெரியாது, ஒரு அடி பக்கவாட்டாக நகர்ந்து மரத்தின் ஓரக்கோட்டைப் பாருங்கள். மூக்கு நுனியில் வெள்ளை முள் ஒன்று துருத்தியிருந்தால் அதுதான். ஆணுக்குக் கொம்பு தெளிவு, பெண்ணுக்குச் சிறிது. ஓடுவதைவிட அசையாமல் மறைவதையே அது நம்புகிறது. அதனால் எளிதில் பிடிபடும், கடத்துகிறவர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தொட வேண்டாம், கிளையை வளைக்க வேண்டாம், இருந்த இடத்தை இணையத்தில் போட வேண்டாம். சுருளும் வாலால் சுள்ளியைப் பற்றியிருக்கும் இன்னொரு பச்சைப் பழுப்புப் பல்லியும் உண்டு. மெதுவாக நகரும், முட்டையிடாமல் குட்டி போடும்.

பறவைக்கு அரெங்கா குளம். பட்டிப்பொல வாசலிலிருந்து ஃபார் இன் போகும் வீதியோரத்தில் உள்ள சிறு நீர்நிலை அது. இலங்கைக்கே உரிய சீழ்க்கைப் பறவையின் பழைய பெயர்தான் அரெங்கா. ஆண் கருநீலம், தோளில் பளிச்சென்ற நீலத் திட்டு. விடியலிலும் அந்தியிலும் மட்டும் நிழல் விளிம்புக்கு வரும். கூர்மையான, நீண்ட சீழ்க்கை கேட்டதும் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்து, கதவை அடிக்காமல் காத்திருங்கள். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைக்க வேண்டாம், கூட்டுக் காலத்தில் பறவை இடத்தையே விட்டுப் போகும். மஞ்சள் காதுக் கொண்டைக்குருவியும் வெள்ளைக்கண்ணியும் மங்கல் நீல ஈப்பிடிப்பானும் ஃபார் இன் சுற்றுவட்டத்திலேயே கிடைக்கும். புல்வெளித் தண்டுகளின் உச்சியில் உட்காருவது கறுப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு. 8×42 தொலைநோக்கி ஒன்று போதும், அதைவிடப் பெரியது குளிரில் கை நடுங்கும்.

ஓடையில் மீன் தெரிந்தால் அது ட்ரவுட், மீன்பிடி விளையாட்டுக்காக வெள்ளைக்காரர் விட்டது. இந்தச் சமவெளிக்கே உரிய சிற்றிறால் ஒன்று அதே ஓடைகளில் கல்லுக்கடியில் வாழ்கிறது. கல்லைப் புரட்டாமல், வெயில் சாய்வாக விழும் இடத்தில் நிழல் படாதபடி குந்தியிருந்து பார்த்தால் அதை அடையாளம் காணலாம்.

திரும்பி வந்ததும்

ஃபார் இன்னில் உட்காரும் முன் பையிலுள்ள உறை, தோல், மூடி எல்லாம் எண்ணிப் பாருங்கள். கொண்டுபோனது ஒன்பதானால் வந்ததும் ஒன்பதாக இருக்க வேண்டும். வாழைப்பழத்தோலும் இதில் சேரும், இந்தக் குளிரில் அது மக்க மாதக்கணக்காகும், மரைக்கும் குரங்குக்கும் கெட்ட பழக்கத்தைத் தரும். பிறகு சப்பாத்தின் அடியைப் பழைய பல்துலக்கியால் துலக்குங்கள். சேற்றோடு ஒட்டிய விதை இன்னொரு மலைக்குப் போகாது. காற்சட்டை மடிப்பிலும் ஒரு முறை பாருங்கள், பாதையோரப் புல்விதைகள் அதிகம் தங்குவது அங்கேதான்.